மலிவாய்க் கிடைத்த மச்சாள்

கொத்து இன்னும் கொஞ்ச நேரம் செல்லும் தம்பி. உள்ள யோகராசா இப்பதான் ரொட்டியைக் கல்லில போட்டிருக்கிறார். உந்தக் கதிரையை இழுத்துப்போட்டு இரும். வெளியில நிண்டு விறைக்கிறதுக்கு உள்ள இருந்து என்ர கதையைக் கேட்டால் குறைஞ்சுபோகமாட்டீர். போன கிழமை வந்தபோது ஒரு கேள்வி கேட்டனீர்தானே. அச்சகம் துவங்கியிருக்கிறன், கலியாணக் காட் அடிக்கிறன், போன் எடுக்க ஆளில்லை, இஞ்சத்தைச் சம்பளம் குடுத்துக் கட்டாது, நீங்கள் ஊரில ஆள் வச்சிருக்கிறியளாம், அது எப்பிடி அண்ணை எண்டு. அண்டைக்குக் கடை முழுக்கச் சனம், பதில் சொல்ல நேரமில்லை. இண்டைக்கு ஆறுதலாச் சொல்லுறன். இந்த ஸ்காபரோவில உந்த விஷயத்தில என்னைவிட விளக்கமான ஆள் உமக்குக் கிடைக்காது.

எங்கட மாதிரிச் சாப்பாட்டுக் கடைக்கு உயிர் எங்க இருக்குது எண்டு நினைக்கிறீர்? அடுப்பிலயோ? இல்லை, போனில. வந்து நிண்டு ரெண்டு ரோல்ஸ் வாங்கிற சனத்தை நம்பிக் கடை வாடகை கட்டேலாது. பிறந்தநாள், சாமத்தியவீடு, அந்தியேட்டி, வீடு குடிபூரல் எண்டு ட்ரே ட்ரேயா ஓடர் வரோணும். அது போனிலதான் வரும், அதுவும் காலமையில. ஒருத்தி போன் எடுக்கேக்க நாங்கள் தூக்காட்டி அடுத்த கடைக்கு எடுப்பாள். அந்தக் கடைக்காரன் ஒருக்கா ருசி காட்டிப்போட்டான் எண்டால் அந்தக் குடும்பம் போச்சு, அவையின்ர சகலபாடியும் போச்சு, சகலபாடியின்ர தமக்கையும் போச்சு.

அந்தப் போனை, இந்த இலுப்பையடி ரேக்கவுட் துவங்கின நாளிலயிருந்து எடுத்தது என்ர மனிசி சறோ. நல்ல மனிசி, குறை சொல்லேலாது. ஒரேயொரு குறை சொல்லலாம், அது கதை. ஆரும் ஐம்பது ரோல்ஸ் கேட்டு எடுத்தால், இவ முதல்ல அவையின்ர தாய்க்குச் சீனி வருத்தம் எப்பிடி எண்டு கேப்பா. பிறகு மூத்தவனுக்கு வேலை கிடைச்சிட்டுதோ. பிறகு, ஐம்பது எங்க காணும் பிள்ளை, உங்கட மாமி ஆக்கள் வந்தாலே முப்பது பறந்திடும் எண்டு சொல்லி, அதை எண்பதாக்கிப்போட்டுத்தான் வைப்பா. ஓடர் கூடுறது உண்மைதான், நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனால் நேரம் எவ்வளவு வீணாப் போகுது, யோசியும்.

ஒருநாள் கடைக்குள்ள ஆக்கள் நிக்கேக்கயே எனக்குக் கொதி வந்திட்டுது. "சம்பளத்துக்கு வச்ச ஆளெண்டால் உன்னை எப்பவோ நிப்பாட்டியிருப்பன்" எண்டு சொல்லிப்போட்டன். பகிடிதான். கொஞ்சம் உறைப்பான பகிடி. அவ போனில நிண்ட ஆளுக்கு ஓடரை வடிவா முடிச்சுக் குடுத்தா. ஏப்ரனைக் கழட்டி ஆணியில கொழுவினா, கோட்டைப் போட்டா. "அப்ப சம்பளத்துக்கே ஒரு ஆளை வையுங்கோ" எண்டு சொல்லிப்போட்டு பஸ் எடுத்து வீட்டை போட்டா. அதோட கடை வாசல் மிதிக்கேல்லை. வீட்டில எல்லாம் வழமைபோலதான். சமைப்பா, கதைப்பா, கோயிலுக்குப் போவா. நான் கடைக்கதை எடுத்தால் மட்டும் எழும்பிப் போய் உடுப்பு மடிப்பா. அந்த வருஷம் எங்கட வீட்டில மடியாத உடுப்பு ஒண்டுகூட இருக்கேல்லை.

பிறகு போனை நான் எடுத்துப் பாத்தன். ஒரு பக்கம் யோகராசா கொத்தைப் போட்டுத் தடதட எண்டு அடிக்கிறார், ஒரு பக்கம் கவுண்டரில சனம். ஓடரை மாறி எழுதிப்போட்டன். அந்தியேட்டி வீட்டுக்கு ஆட்டிறைச்சி ரோல்ஸ் போட்டுது, பிறந்தநாள் வீட்டுக்குச் சைவம் போட்டுது. செத்தவற்ற பிள்ளையள் மூண்டு பேர் வேட்டியோட வந்து இந்தக் கவுண்டரில நிண்டு பேசின பேச்சு இருக்கே, அதை நான் உமக்குச் சொல்லேலாது, நீர் கலியாணக் காட் அடிக்கிற ஆள். இஞ்ச படிக்கிற பிள்ளை ஒண்டைப் பிடிச்சு வச்சன். அது வந்த உடன அரசாங்கம் சொன்ன சம்பளம் கேட்டுது, இடைவேளை கேட்டுது, வருத்தமெண்டால் லீவு கேட்டுது. மனிசி இவ்வளவு காலம் செய்தது, ஒருநாள் ஒண்டு கேட்டிருப்பாவோ? ஒரு கிழமையில அந்தப் பிள்ளையை அனுப்பிப்போட்டன். ஓடர் விழுந்துகொண்டே போகுது. இப்பிடியே போனால் கடையைப் பூட்டிப்போட்டுத் திறப்பைக் குடுக்கிறதுதான் மிச்சம் எண்ட நிலைமை.

அப்பதான் கோயில் மடைப்பள்ளிக்குப் பக்கத்தில வச்சு இன்சூரன்ஸ் பாலேந்திரா எனக்குப் புத்தி சொன்னான். "அண்ணை, பெரிய பெரிய கொம்பனியள் எல்லாம் மணிலாவிலயும் பெங்களூரிலயும் ஆள் வச்சுப் போன் எடுக்கினம். நீங்கள் ஊரில, மீசாலையில வையுங்கோவன்." எனக்குப் பொட்டில அடிச்ச மாதிரி இருந்துது. ஸ்காபரோ நம்பருக்கு அடிச்சால் இன்ரநெற்றால மீசாலையில மணி அடிக்கும், ஓடரை வைபரில எழுதி இஞ்ச அனுப்புவினம். இஞ்ச காலமை எண்டால் அங்க பின்னேரம், இஞ்ச மத்தியானச் சாப்பாடு முடிய அங்க படுக்கிற நேரம். ஓடர்க்காரர் எடுக்கிற நேரத்துக்கு அளவெடுத்துத் தைச்ச மாதிரி. ஆளையும் பாலேந்திராவே பிடிச்சுத் தந்தான், தாய்ப்பக்கத்துச் சொந்தம். பவளராணி எண்டு பேர், நாங்கள் பவளம் எண்டுதான் சொல்லுறது. முந்திச் சங்கக்கடைக் கவுண்டரில நிண்டவ. ரேஷன் வரிசையில நிண்ட சனத்தையே சமாளிச்ச மனிசிக்கு ரோல்ஸ் வாங்கிற சனம் எம்மாத்திரம்.

சம்பளம் எவ்வளவு எண்டு கேக்காதேயும். அவவுக்குச் சந்தோசம், எனக்கு அதைவிடச் சந்தோசம். அவ்வளவும் தெரிஞ்சால் காணும்.

நான் போட்டது ஒரேயொரு கட்டளை. ஊரில இருந்து கதைக்கிறன் எண்டு ஒரு குஞ்சுக்கும் தெரியப்படாது. ஏன் சொல்லும்? எங்கட சனத்துக்கு அது தெரிஞ்சுதெண்டால், அப்ப உமக்குச் செலவு குறைவுதானே, ரோல்ஸை விலை குறைச்சுத் தாரும் எண்டு நிப்பினம். சறோவுக்கும் சொல்லேல்லை. போனைக் கொம்பியூட்டர் எடுக்குது எண்டு சொல்லி வச்சன். காசு குடுத்து ஆள் வச்சிருக்கிறன் எண்டு கேள்விப்பட்டால் அந்த மனிசி கவலைப்படும். நான் அவவின்ர மனசைத்தான் யோசிச்சன்.

பவளத்தை நானே பழக்கினன். இஞ்ச பனி, சினோ கொட்டினால் வைபரில ஒரு வரி போடுவன். உடனே அவ, எடுக்கிற ஆக்களுக்கெல்லாம் "பாத்து வாங்கோ, றோட்டு வழுக்குது" எண்டு சொல்லுவா, அங்க வேர்க்க வேர்க்க விசிறிக்குக் கீழ இருந்துகொண்டு. சினோ நிண்டதைச் சொல்ல ஒருக்கா மறந்துபோனன். சித்திரை வருஷமும் பிறந்து மரமெல்லாம் துளிர்த்த பிறகும் அவ வழுக்குது வழுக்குது எண்டே சொல்லிக்கொண்டிருந்தா. ஒருத்தர் செருப்போட வந்து நிண்டு என்ர பேரைச் சொல்லிக் கேட்டார், சிவபாதம், உம்மட கடை வாசலில மட்டும் என்ன வழுக்குது எண்டு. எண்ணெய் கொட்டுப்பட்டுது எண்டு சமாளிச்சன்.

ஆனால் தம்பி, நான் ஒண்டை யோசிக்க மறந்துபோனன். எங்கட ஆக்கள் போனில ரெண்டு நிமிஷத்துக்கு மேல கதைச்சால் என்ன கேப்பினம்? நீங்கள் ஊரில எந்த இடம். அதுக்கு மறுமொழி சொன்னால், அங்க எவடம். அதுக்கும் சொன்னால், ஆற்ற மகள். இந்த மூண்டு கேள்வியில போலீசையே பிடிச்சுப்போடுவினம். நான் பவளத்திட்டைக் கொழும்பு எண்டு சொல்லச் சொன்னன். கேட்டவர் கொழும்பில வெள்ளவத்தைக்காரர். வெள்ளவத்தையில எந்த லேன், எத்தினையாம் நம்பர், முன்வீட்டில ஆர் எண்டு அவர் கிண்ட, பவளம் திக்குமுக்காடிப்போச்சு. கடைசியில தப்பிறதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சா, நான் சொல்லிக் குடுக்காமலே. "நான் முதலாளியின்ர மச்சாள். அவற்ற மனிசியின்ர தங்கச்சி" எண்டு சொல்லிப்போட்டா. அந்த ஆள் அதோட நிப்பாட்டிட்டார். ஏனெண்டால் சறோவின்ர பூர்வீகம் ஸ்காபரோ முழுக்கத் தெரியும், அதுக்கு மேல கேக்க ஒண்டுமில்லை. எனக்கும் அது நல்லதாத்தான் பட்டுது. மச்சாள் எண்டால் குடும்பம். குடும்பத்து ஆளோட விலை பேச எங்கட ஆக்களுக்குக் கூச்சம்.

ஓடர் திரும்ப வரத் துவங்கிட்டுது. நான் மீசையை முறுக்கிக்கொண்டு திரிஞ்சன், மீசை இல்லாட்டிலும். அப்பதான் பல்லி வந்துது.

சிரியாதேயும், உண்மையா. பக்கத்து ஊர், மார்க்கத்து அம்மா ஒருத்தி மகளின்ர சாமத்தியவீட்டுக்குச் சாப்பாடு கேட்டு எடுத்திருக்கிறா. பெரிய மண்டபம், பெரிய ஓடர். எங்களிட்டைக் குடுக்கிறதோ அடுத்த கடைக்குக் குடுக்கிறதோ எண்டு அவவுக்கு மனம் அலமலந்துகொண்டிருக்குது. "உங்களிட்டையே குடுப்பமோ எண்டுதான் யோசிக்கிறன்" எண்டு சொல்லி வாய் மூடேல்லை, மீசாலைச் சுவரில பல்லி சொல்லிச்சாம், இச் இச் இச் எண்டு. அந்த அம்மா உடனே கன்னத்தில போட்டிருப்பா. "பல்லி சொல்லிப்போட்டுது, இனிப் பேச்சில்லை, எழுதுங்கோ" எண்டு முழு ஓடரையும் குடுத்திட்டா. எழுதி முடிய வைக்கப்போனவ, கொஞ்சம் பொறுத்துக் கேட்டிருக்கிறா, ஸ்காபரோவில எப்பிடிப் பிள்ளை பல்லி?

கேள்வி நியாயம்தானே? இந்தக் குளிருக்குள்ள பல்லி எங்கயிருந்து வரும்? பவளம் என்ன சொல்லியிருக்கோணும்? அது ரீவி எண்டு சொல்லியிருக்கலாம். அவ சங்கக்கடை ஆள், உடனுக்குடன் மறுமொழி வரும். "அது முதலாளி சகுனத்துக்கு வளக்கிறது" எண்டு சொல்லிப்போட்டா.

முடிஞ்சுது. மார்க்கம் அம்மா வாயை வச்சுக்கொண்டு சும்மா இருப்பாவோ? அடுத்த கிழமையே சனம் கடைக்குள்ள வந்து முகட்டைப் பாக்கத் துவங்கிட்டுது. ரெண்டு பற்றிஸ் வாங்கிறதுக்கு அரை மணித்தியாலம் அண்ணாந்துகொண்டு நிக்குதுகள். போனில எடுக்கிற ஆக்கள் ஓடரைச் சொல்லிப்போட்டு, பல்லி சொல்லுமட்டும் வைக்கிறேல்லையாம். போனைப் பிடிச்சுப் பிடிச்சுப் பவளத்துக்குக் கை நோ. வீடு வாங்கிற ஒருத்தர், விலைக்கு ஒப்பமிட முந்தி ஒருக்காப் பல்லியைக் கேட்டுச் சொல்லச் சொல்லி எடுத்திருக்கிறார். எந்தத் திசையில இருந்து சொன்னது எண்டு வேற கேக்கினம், அதுக்கு ஒரு பலன் இருக்குதாம். வடகிழக்கு எண்டு பவளம் சொல்லிவிட, நான் இஞ்ச வடகிழக்கைப் பாத்தால் அதில கோழி அடுக்கின பிரீசர் நிக்குது. பல்லியாரையும் நான் குறை சொல்லேல்லை. வியாபாரம் அப்பிடி ஒருநாளும் நடந்ததில்லை. ஒரு கட்டத்தில நானே இந்தப் பக்கம் காது குடுத்துக்கொண்டு இருந்திருக்கிறன், சத்தியமா.

ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில விழுமாம் துள்ளி எண்டு சும்மாவோ சொன்னவை. ஆரோ ஒரு நல்ல மனம் படைச்சவர் சுகாதாரப் பகுதிக்கு அடிச்சுச் சொல்லிப்போட்டார், இந்தக் கடையில சாப்பாட்டுக்கு மேல ஊருற சாமான் வளக்கினம் எண்டு. ஒருநாள் காலமை வெள்ளைக்காரப் பொம்பிளை ஒருத்தி, கையில டோர்ச், காலில பிளாஸ்ரிக் உறை, வந்து நிண்டா. லிசாட் எங்க எண்டு கேட்டா. லிசாட் கிடையாது அம்மா எண்டு நான் கையெடுத்துக் கும்பிடாக் குறையாச் சொல்லிக்கொண்டிருக்க, வரிசையில நிண்ட உருத்திரமூர்த்தி மாஸ்ரர் இருக்கிறாரே, ஓய்வெடுத்த இங்கிலிஸ் வாத்தியார், அவர் முன்னுக்கு வந்து, இங்கிலிஸில அவவுக்கு விளங்கப்படுத்துறார். அது சாதாரண லிசாட் இல்லையாம், மிகவும் நம்பிக்கையான லிசாட்டாம், தன்ர மகனுக்குப் பொம்பிளை பாத்ததே அதைக் கேட்டுத்தானாம்.

அவ என்ர பிரீசரை இழுத்து, கூரைத் தகட்டைக் கழட்டி, புகைக்கூட்டுக்குள்ள தலையை விட்டுத் தேடினா. எனக்கு உயிர் உயிரா இல்லை. சுத்தமான கடை எண்டு சுகாதாரப் பகுதி தாற அந்தப் பச்சை அட்டை வாசலில இல்லாட்டி ஒரு சனம் வராது. கடைசியில பல்லியும் இல்லை, பல்லி முட்டையும் இல்லை. புகைக்கூட்டைக் கழுவச் சொல்லிப்போட்டு, அட்டையை அப்பிடியே விட்டிட்டுப் போனா. தப்பிச்சம் எண்டு மூச்சு விட்டால், சனத்துக்குக் கோவம். பல்லி இல்லையாம் எண்டு அவையளுக்குப் பெரிய ஏமாற்றம். கவர்மென்ற் பிடிச்சுக்கொண்டு போட்டுது எண்டு ஒரு கதை பரவிச்சுது. நான் மறுக்கேல்லை.

இந்தக் கதைதான் கோயிலுக்குப் போச்சு. வெள்ளிக்கிழமை காலமை அருச்சனை முடிஞ்சு நிண்ட சறோவிட்டை ஒருத்தி போய்க் கேட்டிருக்கிறா: "உங்கட தங்கச்சி கடைப் போனில நல்ல மரியாதையாக் கதைக்கிறா, ஏன் ஒருநாளும் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு வாறியள் இல்லை? பல்லிக்குப் பிறகு அவ சுகமா இருக்கிறாவோ?"

சறோவுக்குத் தங்கச்சி கிடையாது தம்பி. ஒரு தமக்கை, அவ மீசாலைக்குப் பக்கத்தில கொடிகாமத்தில.

வேற பொம்பிளையெண்டால் கோயிலிலயே ஒப்பாரி வச்சிருப்பாள். இவ வீட்டை வந்து, கால் கழுவி, சாமி விளக்கைக் கொளுத்தி, கடை நம்பருக்குத் தானே அடிச்சிருக்கிறா. இது எனக்குப் பிறகு பவளம் சொல்லித்தான் தெரியும். முதலாளிக்கு நீங்கள் என்ன முறை எண்டு சறோ கேட்டிருக்கிறா. மச்சாள் எண்டு பவளம். எந்தப் பக்கத்து மச்சாள்? அவற்ற மனிசியின்ர தங்கச்சி. "அப்பிடியோ பிள்ளை" எண்டு சறோ சொன்னாவாம், "அந்த மனிசி நான்தான்."

அதுக்குப் பிறகு ரெண்டு பேரும் என்ன கதைச்சினமெண்டு கடவுளுக்குத்தான் தெரியும். எனக்குத் தெரிஞ்சது, அண்டைக்கு மத்தியானம்வரைக்கும் ஒரு ஓடரும் வரேல்லை, லைன் பிஸி பிஸி எண்டே கிடந்துது. நான் இன்ரநெற்றைப் பேசினன்.

மத்தியானம் பவளம் விஷயத்தை வைபரில எழுதின பிறகு வீட்டை போக எனக்குக் காலில்லை. சட்டி பறக்கும் எண்டுதான் நினைச்சன். போனால், மேசையில நண்டுக் கறி. சறோ எதிரில இருந்து சிரிச்சுக்கொண்டு நான் சாப்பிடுறதைப் பாக்கிறா. ஒரு கேள்விதான் கேட்டா. அந்தப் பொம்பிளைக்கு மாதம் என்ன குடுக்கிறியள்? நான் சொன்னன், கொஞ்சம் பெருமையாவுந்தான். மலிவாத்தானே பிடிச்சிருக்கிறன். "நல்ல சம்பளம்" எண்டா அவ. வேற ஒண்டும் இல்லை. பாரும் தம்பி, பொம்பிளையளைப் பற்றிச் சும்மா பயப்பிடுறம். எடுத்துச் சொன்னால் அவையளுக்கும் வியாபாரம் விளங்கும்.

அடுத்த மாதம் அவ ஊருக்குப் போகப்போறன் எண்டா. தமக்கையின்ர மகளுக்குக் கலியாணம், அப்பிடியே கொஞ்ச நாள் நிண்டு கோயில் குளம் பாத்திட்டு வாறனாம். எங்கட பிள்ளையள் ரெண்டும் கலியாணம் கட்டிக் கல்கரி பக்கம் போட்டுதுகள், அவவுக்கும் இஞ்ச என்ன வேலை. போய் வா எண்டு நானே ரிக்கற் போட்டுக் குடுத்தன். போனவ கலியாணம் முடிஞ்சும் வரேல்லை. விசாவை நீட்டிப்போட்டன், தமக்கைக்கு நாரிப்பிடிப்பு, எழும்பேலாது எண்டா. நான் எடுத்தால், பின்னேரத்தில எடுக்காதேங்கோ, எனக்கு வேலை எண்டு சொல்லுவா. கோயில் வேலையாக்கும் எண்டு நான் நினைச்சன்.

அந்த நேரம் பவளமும் ஒரு இடியைப் போட்டா. மகளுக்குப் பிள்ளைப்பேறு, வவுனியாவுக்குப் போகோணுமாம். ஆனால் அவ நன்றியுள்ள மனிசி, தன்ர இடத்துக்கு ஒரு ஆளை வைச்சிட்டுத்தான் போவன் எண்டா. "அனுபவமுள்ள ஆள் அண்ணை. இதே வேலையைக் கன வருஷம் ஒரு சாப்பாட்டுக் கடையில செய்தவ. சம்பளம் என்னைவிடக் கொஞ்சம் கூடக் கேப்பா." அவ்வளவு அனுபவமுள்ள ஆள் ஏன் அந்தக் கடையை விட்டவ எண்டு நான் கேட்டன். ஆளை வைக்கேக்க உதைக் கேக்கோணும், நீரும் மறக்காமல் கேளும். "முதலாளி சம்பளமே குடுக்கேல்லையாம்" எண்டா பவளம். ஒருநாளுமோ? ஒருநாளும் குடுக்கேல்லையாம். நான் சொன்னன், இப்பிடியும் மனிசர் உலகத்தில இருக்கினமோ பிள்ளை, அவவைச் சேரும், கேட்டதைக் குடுப்பம் எண்டு.

தம்பி, அந்தப் புதுப் பொம்பிளை வந்த பிறகு நடந்ததை நான் எப்பிடிச் சொல்ல. ஒரு பிழை இல்லை. நான் ஒண்டும் பழக்கேல்லை. சினோ கொட்டினால், நான் சொல்லாமலே ஷெப்பேர்ட் றோட்டுப் பக்கம் போகாதேங்கோ, எலஸ்மியரால வாங்கோ எண்டு சொல்லுறா. எந்த வீட்டுக்குச் சைவம், எந்த வீட்டில உறைப்புக் கூடாது, எந்தச் சம்பந்தியை எந்தச் சம்பந்திக்குப் பக்கத்தில இருத்தப்படாது எண்டது வரைக்கும் எழுதி அனுப்புறா. ஐம்பது கேட்ட சனத்துக்கு எண்பது வித்துப்போடுறா. பல்லியை ஆரும் கேக்கிறேல்லை. யோகராசாவிட்டை நான் சொன்னன், இந்தப் பொம்பிளை எங்கட கடையிலயே பிறந்து வளந்த ஆள் மாதிரியெல்லோ வேலை செய்யிறா எண்டு. யோகராசா அங்கால திரும்பி வெங்காயம் வெட்டினார். அவருக்கு ஆரையும் புகழ்ந்தால் பிடிக்காது.

ஒரேயொரு விஷயம்தான் எனக்குப் பிடிக்கேல்லை. கதை கூட. லைன் எப்பவும் பிஸி. எல்லாம் வைபரில எழுத்தில நடந்தபடியால் நான் ஒருநாளும் அவவோட நேரில கதைச்சதில்லை. சரி, மரியாதையா ஒரு வார்த்தை சொல்லிவைப்பம் எண்டு, மார்கழி மாதம் ஒருநாள் காலமை, கடை திறக்க முந்தி, நானே கடை நம்பருக்கு அடிச்சன்.

"இலுப்பையடி, வணக்கம். சொல்லுங்கோ."

முப்பது வருஷமாக் கேட்ட குரல். நான் மூச்சுக் காட்டேல்லை. பிறகு அவவே கேட்டா: "உங்கட நம்பர் விழுந்தது. சாப்பிட்டியளோ?"

உண்மையைச் சொன்னால் என்ன தம்பி, நான் சாப்பிடேல்லை. அவ போன பிறகு வீட்டில அடுப்பு மூட்டினது குறைவு. கடையில மிஞ்சினதை ட்ரேயோட கொண்டுபோய் நிண்டபடி திண்டுபோட்டுப் படுக்கிறதுதான். கோவம்கூட வரேல்லை எனக்கு. அந்தக் குரலைக் கேட்டதே காணும் போல இருந்துது. "சறோ, வந்திடு. வீடு வீடு மாதிரி இல்லை" எண்டு சொன்னன். அப்பிடியே சொன்னன், வெக்கமில்லாமல்.

"முதலாளியிட்டைக் கேட்டுத்தான் வரோணும்" எண்டா.

"நான்தானே முதலாளி."

"அப்ப கேக்கிறன். வாறதுக்கு எனக்கும் விருப்பந்தான். வந்தாலும் இதே வேலையைத்தான் செய்வன். ஆனால் இஞ்ச இருந்தால் இஞ்சத்தைச் சம்பளம், அங்க வந்தால் அங்கத்தைச் சம்பளம். இனிச் சும்மா செய்யிறேல்லை. யோசிச்சுச் சொல்லுங்கோ." சொல்லிப்போட்டு, மற்ற லைனில ஓடர் வருது எண்டு வச்சிட்டா.

எடும், கொத்து வந்திட்டுது. சூடு, கீழ பிடியும். அதனால தம்பி, நீர் தாராளமா ஊரில ஆள் வையும், செலவு கட்டுப்படியாகும், அதுக்கு நான் சாட்சி. என்ன அப்பிடிப் பாக்கிறீர்? நீரே சொல்லும், அவ இஞ்ச வந்தால் அரசாங்கம் சொன்ன சம்பளம், இடைவேளை, லீவு, எல்லாம் கேப்பா, கேக்கிற ஆள்தான். பாசம் வேற, வியாபாரம் வேற எல்லோ. ராவையில தனிய இருந்து சாப்பிடேக்க, எவ்வளவு போனாலும் போகட்டும், அவ வரட்டும் எண்டு நினைக்கிறன். விடிய வந்து கடைக் கணக்கைப் பாக்கேக்க, இன்னும் ஒரு மாதம் அங்கயே நிக்கட்டும் எண்டு நினைக்கிறன். போன மார்கழியிலயிருந்து யோசிச்சுக்கொண்டுதான் இருக்கிறன். இப்ப அடுத்த மார்கழியும் வந்திட்டுது.